எட்டாம் வகுப்பு தேர்ச்சி

கங்கப்பனுக்குக் கை சுத்தம், வாய்தான் அடங்காது. கெட்ட வார்த்தை பேசுகிறவன் இல்லை, பெருமை பேசுகிறவன். ஓசூர் சிப்காட்டில் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷமாக வேலை பார்த்தான். ஹெல்ப்பராக நுழைந்து கைத்திறமையால் ஃபிட்டர் ஆனவன். கேண்டீனில் தட்டைக் கையில் எடுத்தால் போதும், மகள் புராணம் ஆரம்பித்துவிடும். அவன் மகள் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்ததில்லை, அவளாகக் கேட்டு அவளாகக் கற்றுக்கொண்டாள், உங்கள் பிள்ளைகளெல்லாம் பத்து வருஷம் பெஞ்சைத் தேய்த்தும் ஒரு ஃப்யூஸ் போடத் தெரியாமல் முழிக்கிறார்கள். சாம்பார் ஊற்றுகிறவன்கூட இதை வரி மாறாமல் ஒப்பிப்பான். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிக்காத ஒருவனும் அங்கே இருந்தான். பெருமை பேசும்போது எதிரில் இருப்பவன் முகம் எங்கே தெரிகிறது?

வாசற்படியை மிதிக்கவே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. மகள் முனிலட்சுமி பதினோரு நாள் போனாள். எழுபத்தொன்பதாம் வருஷம், ஜூன் மாதம், ஒன்றாம் வகுப்பு. மத்திகிரியில் லைன் வீட்டில் குடியிருந்தார்கள்; பள்ளிக்கூடம் ஒரு மைல் தள்ளி, ஏரியை ஒட்டி இருந்தது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒன்றாகவே புழங்கும். வாத்தியார் கரும்பலகையில் எழுதியதை அழித்தபோது இவள் எழுந்து, எழுதினதை ஏன் அழிக்கிறீர்கள் என்று வாய்க்கு வந்த பாஷையில் கேட்டுவிட்டாள். விரல் முட்டியில் நாலு அடி, சாயங்காலம் வரை வெயிலில் நிற்க வேண்டும் என்று தண்டனை. நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. தாய் சாந்தம்மா மந்திரிக்கக் கூட்டிப் போனாள். மந்திரத்துக்கும் வாய் திறக்கவில்லை.

கங்கப்பன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அவன் தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மூலை. படித்ததைவிடப் பெருக்கியது அதிகம். அந்த நெருப்பு அவன் வயிற்றில் அணையாமலே கிடந்தது. மகளுடைய வீங்கிய விரலைப் பார்த்த அன்றைக்கு, இனி என் பிள்ளை அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டான். அவளுக்கு எது வேண்டுமோ அதை அவள் கேட்கட்டும், கேட்டதற்குப் பதில் சொல்வது என் பாடு. சாந்தம்மா அழுதாள். நாளைக்கு எவனாவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டாமா என்றாள். காகிதத்தை மாடுகூடத் தின்னும் என்று இவன் சிரித்தான்.

மகளுக்கு வாய் திரும்பி வந்தது. வந்தபோது கேள்வியோடு வந்தது. மழை நாளில் கரண்டு கம்பம் ஏன் உறுமுகிறது? ஃபேன் ஏன் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது? தெரிந்தால் கங்கப்பன் சொன்னான். தெரியாவிட்டால், "தெரியலம்மா, வா, தெரிஞ்சவங்களக் கேக்கலாம்" என்று சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு லைன்மேனிடம் போனான், கால்நடைப் பண்ணைப் பம்ப் ரூமுக்குப் போனான். மகளிடம் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத தகப்பன். இந்த ஒரு விஷயத்தில் அவனை நான் எத்தனை மெச்சினாலும் தகும்.

அவள் தமிழ் படித்தது போஸ்டரில். கன்னடம் படித்தது பெங்களூர் போகும் பஸ்களின் நெற்றியில். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் மோட்டார்களின் முதுகில் இருக்கும் தகட்டில். கம்பெனியில் கழித்துப் போட்ட எரிந்த மோட்டார் ஒன்றைக் கங்கப்பன் கேட் பாஸ் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். எட்டு வயதில் அதைப் பிரித்துப் போட்டாள். உள்ளே இருந்த செம்புக் கம்பிச் சுருளை ஒவ்வொரு சுற்றாக எண்ணி அவிழ்த்தாள். அப்படித்தான் நூறுக்கு மேல் எண்ணப் பழகினாள். பன்னிரண்டு வயதில் பக்கத்து வீட்டு மிக்ஸியை ஓட வைத்தாள். பதினைந்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் எரிந்த பம்ப்செட் மோட்டாரைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு, "மோட்டார் கட்டற பொண்ணு வீடு எது" என்று விசாரித்து வந்தார்கள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய கம்பியை உருவி, புதுக் கம்பியைக் கையாலேயே சுற்றி, வார்னிஷ் பூசி வெயிலில் காய வைப்பாள். கங்கப்பன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். மறுநாள் கேண்டீனில் அது கதையாகும்.

அவன் பார்க்காததும் உண்டு. காலை ஒன்பதரைக்கு மேல் அந்தத் தெருவில் ஒரு பிள்ளையும் இருக்காது. சாயங்காலம் நாலரைக்கு அவர்கள் கும்பலாகத் திரும்பி வரும்போது முனிலட்சுமி எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். அவர்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்ன என்று இவளுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பாள். சாந்தம்மா இதைப் பார்த்திருக்கிறாள். புருஷனிடம் ஒரு தடவை சொன்னாள். மோட்டார் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கம்பெனியில் காயில் செக்‌ஷன் என்று புதிதாக ஒன்று திறந்தார்கள். கம்பி சுற்றப் பெண்கள் வேண்டும், இருபது பேர். தொழிலாளர்களின் பெண்களுக்கு முன்னுரிமை. பதினெட்டு வயது, எட்டாம் வகுப்பு தேர்ச்சி, பள்ளி மாற்றுச் சான்றிதழ் கட்டாயம் என்று நோட்டீஸ் போட்டிருந்தது. கங்கப்பன் அதை வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. சுற்றுகிற மெஷின் வந்திருக்கிறது, சுற்றை அதுவே எண்ணிக்கொள்கிறது என்று ஆச்சரியமாகச் சொல்லிவிட்டான். முனிலட்சுமி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மெஷினைப் பார்க்க வேண்டும், அதில் வேலை செய்ய வேண்டும், தன்னைப்போல் இன்னும் பத்தொன்பது பெண்களோடு உட்கார வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் சேலை கேட்டதில்லை, கம்மல் கேட்டதில்லை. கேட்டது இதைத்தான்.

சர்டிபிகேட் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. மறுநாளே ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். ஹெட்மாஸ்டர் தீர்த்தகிரி, அடித்த வாத்தியார் அல்ல. நல்ல மனுஷர், பென்ஷனுக்கு இரண்டு வருஷம் பாக்கி. கங்கப்பன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவர் பீரோவைத் திறந்து பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துப் புரட்டி, ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார். கே. முனிலட்சுமி. ஒன்றாம் வகுப்பு பாஸ். இரண்டாம் வகுப்பு பாஸ். எட்டு வரைக்கும் பாஸ்.

கங்கப்பன் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டித் திரும்பவும் படித்தான். அவர் நிதானமாக விளக்கினார். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும். இருக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அதனால் நின்றுபோன பிள்ளைகளின் பெயரை அடிப்பதில்லை. வருஷா வருஷம் பெயர் மட்டும் மேலே ஏறிப் போகும். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் வேறொரு பிள்ளை அந்தப் பெயருக்கு எழுந்து உள்ளேன் ஐயா சொல்லும். சுற்று வட்டாரத்தில் இதைச் செய்யாதவர் யார் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"நான் ஒண்ணும் புதுசா எழுதலப்பா. ரிஜிஸ்டர்ல இருக்கறதப் பாத்து எழுதறேன், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சான்றிதழை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நடத்தை என்ற இடத்தில் நன்று என்று போட்டிருந்தார்.

முனிலட்சுமி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கேட்டாள்: "இந்த எட்டு வருஷம் நான் எங்கப்பா இருந்தேன்?"

கங்கப்பன், காகிதம் கேட்கிற ஊருக்குக் காகிதம், மெஷின்கிட்ட போனா கைதான் பேசும் என்று எதையோ சொல்லி மழுப்பினான். மகளுடைய கேள்வியிலிருந்து அவன் நழுவியது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பக் கேட்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

தேர்வில் அவள்தான் முதல். மற்றப் பெண்கள் கம்பியின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தபோது இவள் சுற்றி முடித்துக் கட்டிவிட்டாள். டிரெய்னியாக எடுத்தார்கள். நீலச் சட்டை கொடுத்தார்கள். இரண்டு மாதம் அந்த வீட்டில் திருவிழாதான். சாயங்காலம் வந்தால் அந்தப் பெண் இப்படிச் சொன்னாள், இந்தப் பெண் அப்படிச் சிரித்தாள் என்று மெஷினைவிடப் பெண்களைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். கங்கப்பன் கேண்டீனில் குரலை உயர்த்தினான். பள்ளிக்கூடம் போகாமலே முதல் மார்க் என்றான். பாவி, அப்போதாவது வாயைக் கட்டியிருக்கக் கூடாதா?

இந்தப் பெண் பள்ளிக்கூடமே போனதில்லை என்று கம்பெனிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. போட்டது, கேண்டீனில் சிரிக்காமல் இருந்த பெரியதம்பி என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. அசெம்பிளியில் வேலை செய்பவன். அவனைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அவன் மகள் தினமும் நாலு மைல் நடந்து போய்ப் பத்தாவது பாஸ் செய்தவள். இருபது பேரில் அவளுக்கு இடமில்லை. கேண்டீனில் ஒருவன் எதிரே உட்கார்ந்து, படித்த பிள்ளைகளெல்லாம் முட்டாள் என்று பத்து வருஷம் சொன்னால் யாருக்குத்தான் எரியாது?

கங்கப்பனுக்கு சார்ஜ் மெமோ வந்தது. பொய்யான சான்றிதழ் கொடுத்து மகளை வேலைக்குச் சேர்த்ததாகக் குற்றச்சாட்டு. விசாரணை முடியும் வரை சஸ்பென்ஷன். முனிலட்சுமியையும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நீலச் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

யூனியன் செகரட்டரி மாரிசாமி வீட்டுக்கு வந்து நிலைமையைப் பிட்டுப் பிட்டு வைத்தார். ரிஜிஸ்டர் பலமாக இருக்கிறது, அதை யாரும் அசைக்க முடியாது. கேண்டீனில் பேசியதை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஆனால் பெண்ணைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போனேன் என்று அவள் சொன்னால் கேஸ் அங்கேயே முடிந்தது. போகவில்லை என்றால் கங்கப்பனுக்கு வேலை போகும். இந்த வயதில் சர்டிபிகேட் இல்லாத ஃபிட்டரை சிப்காட்டில் எவனும் கேட்டுக்குள் விடமாட்டான். கையோடு ஹெட்மாஸ்டர் மேல் கேஸ் வரும், அவருடைய பென்ஷன் போகும்.

"எல்லாம் அந்தப் பொண்ணு வாயிலதான் இருக்குது கங்கப்பா. நீதான் சொல்லி வெக்கணும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் போனார்.

சொல்லி வைப்பதா? கங்கப்பன் நாலு நாள் முயன்றான். மகளைக் கூப்பிடுவான், அவள் வந்து நிற்பாள், இவன் கம்பி வாங்க வேண்டுமா என்று ஏதாவது கேட்டு அனுப்பிவிடுவான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதே. இதை மட்டும்தான் அவன் அவளுக்குப் பாடமாகச் சொன்னது. அதே வாயால் மாற்றிச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லட்டும், வேலை போனால் போகட்டும் என்று ஒரு நாள் நெஞ்சை நிமிர்த்துவான். மறுநாள் சாந்தம்மாவின் முகத்தைப் பார்ப்பான், ஹெட்மாஸ்டரை நினைப்பான், நெஞ்சு உள்ளே போய்விடும்.

அந்த நாலு நாளும் முனிலட்சுமி காலையில் கிளம்பிப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பினாள். யாராவது மோட்டார் பார்க்கக் கூப்பிட்டிருப்பார்கள் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

கம்பெனியில் டிரெய்னிங் ஹாலில் விசாரணை நடந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். கம்பெனி தரப்பில் பர்சனல் ஆபீசர் பரமசிவம். கங்கப்பனுக்குத் துணையாக மாரிசாமி. சொல்வதையெல்லாம் ஒரு கிளார்க் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். முனிலட்சுமியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கங்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மகள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் மனசு வேண்டிக்கொண்டதாம். பிறகு சாந்தம்மாவிடம் சொன்னான்.

பரமசிவம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். முனிலட்சுமி தடுமாறவில்லை. ஒன்றாம் வகுப்பு வாத்தியார் பெயரிலிருந்து எட்டாம் வகுப்பு சார் பெயர் வரை வரிசையாகச் சொன்னாள். நாலாம் வகுப்பு நடந்தது ஓட்டுக் கட்டடத்தில், மழை வந்தால் வடக்கு மூலையில் ஒழுகும், பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொள்வோம் என்றாள். ஆறாம் வகுப்பில் கணக்கு சாருக்குக் கை வீங்கி ஒரு மாதம் வரவில்லை என்றாள். எண்பத்து நாலில் ஏரி நிரம்பி மூன்று நாள் லீவு விட்டார்கள் என்றாள். பரமசிவம் ஹெட்மாஸ்டரிடமிருந்து வாங்கி வைத்திருந்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

கங்கப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு நாளும் அவள் எங்கே போனாள் என்பது. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்களைத் தேடித் தேடிப் போயிருக்கிறாள். தன் பெயருக்கு உள்ளேன் ஐயா சொன்ன பெண்ணையும் கண்டுபிடித்திருப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் வளர்த்த விதத்தில் ஒரு குறையும் இல்லை.

பரமசிவம் விடவில்லை. உன் அப்பா கேண்டீனில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாரே என்றார்.

"எங்கப்பாவுக்குப் பெருமைக்குப் பேசற பழக்கங்க சார்" என்றாள் முனிலட்சுமி. "அவுரு ஒண்ணும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. நான் கத்துக்கிட்டதெல்லாம் ஸ்கூல்லதான்."

கிளார்க் அதையும் எழுதினார். மாரிசாமி கங்கப்பனின் தொடையை மெல்லத் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். விசாரணை அதிகாரி பேனாவை மூடிவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கத்துக்காகக் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி அவள் எழுந்து வந்திருக்கலாம். வேலை முடிந்துவிட்டது.

அவள் எழவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"மத்தியானம் பெல் அடிச்சா நாங்க நாலு பேரு வாகை மரத்தடியில ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுவோங்க. ஒருத்தி வீட்டுல இருந்து மாங்கா ஊறுகா கொண்டாருவா. எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வெச்சிருப்பா. நான் வர்ற வரைக்கும் யாரும் தட்டுல கை வெக்க மாட்டாங்க. சாயங்காலம் நாலு பேரும் கை கோத்துக்கிட்டுத்தான் வருவோம். எங்க தெரு வந்ததும் நான் பிரிஞ்சிடுவேன்."

இதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் தழைந்து போயிற்று. டீச்சர் பெயர்களைச் சொன்னபோது இருந்த வேகம் இல்லை. கங்கப்பன் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தான். இது நாலு நாளில் கேட்டுத் தெரிந்துகொண்டதா, பன்னிரண்டு வருஷமாக வாசலில் நின்று ஆசைப்பட்டதா? அவனுக்குத் தெரியவில்லை. மகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தேடி ஊரைச் சுற்றியவன், அவளை ஒரு நாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சாட்சியை அனுப்பிவிட்டார்கள். கிளார்க் எழுதியதையெல்லாம் உரக்கப் படித்தார். குற்றம் சாட்டப்பட்டவர், பதிவானது சரி என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும், அது முறை. தப்பாக எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடலாம், அப்புறம் மாற்ற முடியாது என்றார் விசாரணை அதிகாரி.

கங்கப்பன் தாள்களை வாங்கினான். மெதுவாகத்தான் படிப்பான், எழுத்துக்கூட்டி. ஆறாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: என் தகப்பனார் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குக் கீழே வாகை மரமும் ஊறுகாயும் இருந்தன. கிளார்க் ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தார். கங்கப்பனின் விரல் அந்த இடத்திலேயே நின்றது. மாரிசாமி பதறிப்போய் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"என்னப்பா, ஏதாவது தப்பா இருக்குதா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க சார். எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு கங்கப்பன் கையெழுத்துப் போட்டான்.